டீசலில் ஓடிய சாமி

நான் மனதாரக் கும்பிட்ட முதல் சாமி டீசலில் ஓடியது. அதற்கு முன்பும் கும்பிட்டிருக்கிறேன்தான். ஆனால் அதெல்லாம் அம்மா பின்மண்டையில் தட்டிக் கும்பிட வைத்தவை, கணக்கில் சேராது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. புக்கிட் பாத்தோக்கில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடி புளோக் ஒன்றின் பதினோராம் மாடிக்கு நாங்கள் குடிவந்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. சாலைக்கு அந்தப் பக்கம், இன்னும் கட்டடம் முளைக்காத சரிவில், ஒரு சீனக் குடும்பத்தின் கீரைத் தோட்டம் மிச்சமிருந்தது. எங்கள் சமையலறைச் சன்னலில் நின்றால் பச்சைப் பாத்திகளும் ஒரு குளமும் குளத்தோரம் ஒரு தகரக் கொட்டகையும் தெரியும். காலையும் மாலையும் அந்தக் கொட்டகைக்குள்ளிருந்து 'டுப்... டுப்... டுப்' என்று ஒரு சத்தம் கிளம்பிப் பதினோரு மாடியும் ஏறி வரும். அலமாரியில் எவர்சில்வர் தம்ளர்கள் அதற்கேற்ப நடுங்கும். அப்பாவின் குரலுக்குக்கூட அவை அப்படி நடுங்கியதில்லை.

அம்மாவின் தம்பி எங்களோடுதான் இருந்தார். பஸ் டிப்போவில் மெக்கானிக். கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம். ஒருநாள் கீரை வாங்கப் போன மாமா, கீரையோடு ஒரு வேலையையும் வாங்கிக்கொண்டு வந்தார். தோட்டக்காரர் காலை உடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். குளத்துத் தண்ணீரை இறைக்கும் இன்ஜினைக் கைப்பிடி போட்டுச் சுற்றிக் கிளப்ப அவர் மனைவியால் முடியவில்லை. நாங்கள் ஆண்டி என்று கூப்பிட்ட அந்தம்மாவிடம் ஆறு பாத்தி கைலான் கீரை நின்றது. வார இறுதியில் அறுப்பு. இரண்டு வாரமாக மழை இல்லை. தண்ணீர் நின்றால் மூன்று மாத உழைப்பு பாத்தியிலேயே சுருண்டுவிடும்.

"பஸ் இன்ஜினையே பிரிச்சுப் போட்டு மாட்றவன் நான். இதெல்லாம் சைக்கிள் மாதிரி லா" என்றார் மாமா.

அது சைக்கிள் மாதிரி இல்லை. முதல் நாள் அவரோடு கொட்டகைக்குள் நுழைந்தபோது நான் செருப்பைக் கழற்றிவிட்டேன்; யாரும் சொல்லவில்லை, காலே தானாகக் கழற்றியது. சிமெண்டுத் திட்டில் போல்ட் போட்டு உட்கார்த்தியிருந்த கறுத்த இரும்பு. இரண்டு பக்கமும் என் தோளுயரத்துக்கு ஒவ்வொரு சக்கரம். நடு உச்சியில் மூடியில்லாத தண்ணீர்த் தொட்டி. இன்ஜின் ஓடச் சூடாகி அந்தத் தண்ணீர் கொதிக்கும். ஆண்டி அதில் வலைப்பையைத் தொங்கவிட்டு முட்டை அவித்துக்கொள்வார். மாமா ஒரு நெம்புகோலைத் தூக்கிப் பிடித்து, கைப்பிடியை மாட்டி, பற்களைக் கடித்துக்கொண்டு சுற்றினார். சக்கரங்கள் சோம்பல் முறித்தன. வேகம் பிடித்ததும் நெம்புகோலை விட்டார். ஒரு கணம் உலகத்தில் எதுவுமே நடக்கவில்லை. அப்புறம் 'டுப்!' கூரைக்கு மேலே நீட்டியிருந்த குழாயிலிருந்து ஒரு புகை வளையம் வானத்துக்குப் போனது. தரை என் உள்ளங்கால் வழியாகப் பேசியது. வெளியே, என் தொடை பருமனான குழாய் இரண்டு முறை இருமிவிட்டுக் குளத்தையே தூக்கி வாய்க்காலில் கொட்டியது. நான் கைகூப்பினேன். மாமா அதைத் தனக்கு என்று நினைத்துக்கொண்டு தலையாட்டினார்.

நான்காம் நாள் ஆயுத பூஜை. என் பாடப் புத்தகங்கள் எல்லாம் சரஸ்வதி படத்துக்கு முன்னால் ஏறிவிட்டன. மறுநாள் வரை தொடக் கூடாது. படிக்கக் கூடாது என்று சொல்லும் ஒரே பண்டிகை என்பதால் அதன்மேல் எனக்கு ஆழ்ந்த பற்று. மாமா தன் ஸ்பேனர்களை வரிசையாக அடுக்கிப் பொட்டு வைத்தார். வைத்துவிட்டுச் சன்னல் பக்கம் பார்த்தார்.

"பாவம் பாப்பா, அதுவும் ஆயுதந்தானே."

விடியற்காலையே பாத்திகளுக்குத் தண்ணீர் விட்டு, டீசல் தொட்டியை விளிம்புவரை நிரப்பி வைத்திருந்தார். தேக்கா சந்தையில் வாங்கிய மாலையில் ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பினார். சந்தனக் கிண்ணம் என் கையில். அவர் இரண்டு சக்கரங்களுக்கும் பட்டை போட்டார். மீதியை என்னிடம் விட்டார். நான் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. கண்ணில் பட்ட போல்டுக்கெல்லாம் வைத்தேன். டீசல் தொட்டியின் மூடிதான் நெற்றி என்று எனக்குத் தோன்றியது. அதன் நடுவில், பொட்டுக்கென்றே போட்டது போல் ஊசித்துளை ஒன்று இருந்தது. அதில் சந்தனத்தை நன்றாக அழுத்தி அடைத்து, மேலே குங்குமத்தை அப்பினேன். சுண்டுவிரல் நகக்கண்ணெல்லாம் சிவப்பு.

சூடம் காட்டிய மாமா, ஆண்டியிடம் பசார் மலாயில், அதாவது கடைத்தெருக் கொச்சை மலாயில், இன்றைக்குப் பூஜை, இனி நாளைக்குத்தான் ஓடும் என்று அறிவித்தார். ஆண்டி தொப்பியைக் கழற்றிக் கேட்டார்: "சாயூர் தாவ் செம்பாயாங் கா?" கீரைக்குப் பூஜையெல்லாம் தெரியுமா என்று அர்த்தம்.

மதியம் மூன்று மணிக்கு எங்கள் வீட்டு வாசலில் மணி அடித்தது. ரப்பர் பூட்ஸோடு லிஃப்ட் ஏறி வந்திருந்தார் ஆண்டி. நாங்கள் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவர் இரண்டே சொல் சொன்னார்: "சாயூர் மாத்தி." கீரை செத்துக்கொண்டிருக்கிறது. மாமா தட்டைக் கீழே வைத்தார்.

"பூஜை நாள்ல ஓட்டாதடா" என்றாள் அம்மா.

"அவங்க மூஞ்சியப் பாருக்கா."

பாத்திகளில் இலைகள் நனைந்த துணிபோல் தொங்கின. மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டு சுற்றினார். 'டுப்' கிளம்பியது. ஆண்டி வாய்க்காலுக்கு ஓடினார். நான்கைந்து நிமிஷம், சத்தம் இளைத்தது, நின்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடி சுற்றினார். மறுபடி அதே. மாமா வடிகட்டியைக் கழற்றி ஊதினார். குழாயை உதறினார். தொட்டியின் பக்கவாட்டுக் கண்ணாடியில் டீசல் நிறைய தெரிந்தது. மூடியைத் திறந்து பார்க்கக் கை போனது. மாலையையும் பொட்டையும் பார்த்துத் தயங்கித் திரும்பியது. பூஜை செய்ததைக் கலைக்கலாமா?

எனக்கோ புல்லரித்தது. மாமா விரதத்தை முறித்துவிட்டார்; இன்ஜின் முறிக்கவில்லை!

ஆண்டி தோள்கம்பை எடுத்து, இரண்டு முனையிலும் பூவாளித் தகர டின்னைத் தொங்கவிட்டு, குளத்தில் இடுப்புவரை இறங்கி மொண்டு, பாத்திக்கு ஓடினார். ஓடினார் என்றால் உண்மையிலேயே ஓட்டம். மாமாவும் ஒரு கம்பை எடுத்துக்கொண்டார். இரண்டாவது நடையில் அவர் தோள் சிவந்தது. ஐந்தாவதில் வாய் நின்றது. நான் ஒரு பெயிண்டு டப்பாவில் மொண்டு ஊற்றினேன், பாதி என் காலில். வெயில் சாயும்போது மூன்று பாத்தி நனைந்திருந்தது. மிச்சம் மூன்றைப் பார்த்தபடி ஆண்டி வரப்பில் உட்கார்ந்தார்.

திடீரென எழுந்து கொட்டகைக்குள் போனார். கண்ணாடியை நம்பாமல், குச்சி விட்டு அளந்து பார்க்க, மாலையைத் தூக்கிவிட்டு டீசல் மூடியைத் திருகினார். 'உஸ்ஸ்' என்று தொட்டி பெருமூச்சு விட்டது. ஆண்டி மூடியைத் திருப்பிப் பார்த்தார். மாமாவும் பார்த்தார். அப்புறம் மாமா என்னைப் பார்த்தார்.

அடுத்த நொடி எண்ணெய்த் தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "சாமி! என் தப்புதான்! பூஜையன்னிக்கு ஓட்டினேன், நீ நிறுத்திட்டே!" என்று கதறினார். எழுந்து அதையே ஆண்டிக்கு மலாயிலும் கதறினார். ஆண்டி அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தன் ஹொக்கியன் சீனத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார். மூடி ஆண்டி கையிலேயே இருக்க, மாமா கைப்பிடியைச் சுற்றினார். இன்ஜின் பிடித்தது, மிச்சப் பாத்திகள் நனையும்வரை நிற்கவேயில்லை. சாமி மன்னித்துவிட்டது என்று நான் முழுதாக நம்பினேன்.

வீட்டில் மாமாவே கதையைச் சொன்னார். அதோடு அவர் தொழில் மரியாதை போயிற்று. "மெக்கானிக்கு, என் கார் ஸ்டார்ட் ஆகல, ஸ்பேனர் கொண்டு வர்றியா, சூடம் கொண்டு வர்றியா?" என்று ஒவ்வொரு கல்யாணத்திலும் யாராவது கேட்பார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் கேட்டார்கள். மாமாவும் சிரிப்பார். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் நான். கதையை விட்ட இடத்திலிருந்து எடுத்துக் கொடுப்பவளும் நானே.

போன வருஷம் காப்பிக்குக் கெட்டிப்பால் டின்னில் ஒரு துளை போட்டுக் கவிழ்த்துக் காத்திருந்தேன். சொட்டுக்கூட விழவில்லை. என் கணவர் டின்னை வாங்கி எதிர்ப்பக்கம் இன்னொரு துளை போட்டார். "காத்து உள்ள போனாத்தானே பால் வெளிய வரும்? இதுகூடத் தெரியாதா?" பால் கோப்பை நிரம்பி வழிந்தது. அந்த டீசல் மூடியின் ஊசித்துளை கண்ணில் நிற்க, நான் டின்னை நிமிர்த்தாமல் நின்றுகொண்டிருந்தேன்.

அந்த ஆயுத பூஜை அன்றைக்குத் தோட்டத்தைவிட்டுக் கிளம்பும் முன் மாமா என்னைக் குளத்தோரம் உட்கார வைத்து, ஒரு தென்னங்குச்சியால் என் சுண்டுவிரல் நகக்கண்ணைச் சிவப்பு போகும்வரை மெதுவாகச் சுரண்டிக் கழுவிவிட்டார். வீட்டுக்குப் போனால் அம்மா எப்படியும் குளிப்பாட்டத்தானே போகிறாள், இவருக்கு என்ன இத்தனை அவசரம் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. கையை உதறி இழுத்துக்கொண்டேன்.