மூன்று காம்புப் பால்

பத்தாவது வரைதான் படித்தேன். நாலு பேர் முன்னால் பேசவே வராத நான் எழுத உட்கார்ந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்லாமல் விட்டால் எனக்கு ஆறாது.

திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வீட்டுக்காரருக்குக் காக்களூரில் கம்பெனி வேலை. நான் இரண்டு மாடு வைத்து, ஒரு பால் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டிருந்தேன். தீவனமும் மாட்டு டாக்டரும் அவர்கள் பொறுப்பு. பால் முழுவதும் அவர்களுக்கே. ஒரு வேளை குறைந்தாலும், வெளியே விற்றாயா என்று போன் வரும்.

சிவப்பு மாட்டுக்கு மடிநோய் வந்தது. வீங்கிய காம்பில் டாக்டர் டியூப் மருந்தை ஏற்றிவிட்டு, இன்னும் ஏழு மாடு பார்க்க வேண்டும் என்று வண்டியைக் கிளப்பினார். கொடுத்துப்போன சீட்டு முழுக்க இங்கிலீஷ். பால் ஊற்றலாமா என்ற கேள்வி வாய் வரை வந்தது. கேட்கவில்லை. என் கூச்சத்தை நினைத்தால் இன்றும் எனக்கே எரிச்சல்.

நோய்க்காம்புப் பாலைத் தரையில் பீய்ச்சிவிட்டு மற்ற மூன்றையும் கறப்பது எங்கள் ஊர் வழக்கம். அப்படியே கறந்து ஊர்ப் பால் சேகரிப்பு சென்டரில் ஊற்றினேன். எல்லார் வீட்டுப் பாலும் ஒரே கேனில்தான் விழும்.

வண்டியில் ஏற்றுமுன் பால் கம்பெனிக்காரர் சோதித்தார். பாலில் மருந்து இருந்தது. கேனைக் கொட்டச் சொன்னார். யார் பால் என்று தெரியாவிட்டால் இந்த ஊருக்கு இனி வண்டி வராது என்றார். என்னுடையதுதான் என்று சொல்லி, கறந்த விதத்தையும் சொன்னேன்.

"ஒரு காம்புல போட்டாலும் மருந்து ஒடம்பெல்லாம் ஓடும்க்கா. டேங்கர்ல கலந்திருந்தா மொத்த லோடும் கொட்டணும். என் வேலையே பூட்டிருக்கும்."

"உங்க டாக்டரு சொல்லல சார்."

"பால் ஊத்தக் கூடாதுன்னு சீட்டுல எழுதிக்கீதே."

பக்கத்து வீட்டு அக்கா காலிப் பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, "மடிக்குள்ள தடுப்புச்சுவரு கட்டி வச்சிக்கிறியா இன்னா?" என்றார். சிலர் சிரித்தார்கள். அவர் பாலும் அந்தக் கேனில் போனதுதானே. யார்மேல் கோபப்படுவது என்றே எனக்குத் தெரியவில்லை.

ஒரு மாதத்துக்கு என் பால் வேண்டாம் என்று கம்பெனிக்காரர் எழுதிக்கொண்டார். கறுப்பு மாடு நன்றாகத்தானே இருக்கிறது, அதன் பாலை டீக்கடைக்காவது ஊற்றலாமா என்று கேட்டேன்.

"அக்ரிமென்ட்ல வெளிய ஊத்தக் கூடாதுக்கா. ஊத்தினா டாக்டரும் வரமாட்டாரு."

மறுநாள் காலை இரண்டு மாட்டையும் கறந்தேன். கறுப்பு மாட்டுப் பாலில் வீட்டுக்கு ஒரு செம்பு எடுத்துக்கொண்டு மீதியைக் குப்பைமேட்டில் கொட்டினேன்.