எனக்காக நிறுத்திவைத்த கல்யாணம்

எண்பதுகளின் தொடக்கம். மகன் பிறந்த பதினெட்டாம் நாள், தலைக்குக் குளித்துவிட்டு உட்கார்ந்தபோது நெஞ்சைப் பிழிந்தது. இடது கை மரத்துப்போனது. வாய்வு என்று அம்மா பூண்டு வேகவைத்துக் கொடுத்தாள். இருபத்து மூன்று வயதுக்காரிக்கு மாரடைப்பு வரும் என்றால் எங்கள் ராசிபுரம் பக்கத்தில் யார் நம்புவார்கள்? மறுநாள் அஸ்தம்பட்டி டாக்டர் இசிஜி எடுத்துப் பார்த்து மெட்ராஸுக்கு அனுப்பினார்.

அங்கே குழாய் விட்டுப் படம் எடுத்தார்கள். இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாயின் உள்சுவர் தானாகவே கிழிந்திருக்கிறதாம். "உங்க தப்பு எதுவும் இல்லை. ஓய்வா இருந்தா பெரும்பாலும் தானே ஆறிடும். அப்புறம் தினமும் நடங்க. இன்னொரு குழந்தை மட்டும் வேண்டாம். மத்தபடி எல்லாரையும் போல இருங்க" என்றார் டாக்டர். எங்கள் வீட்டார் காதில் கிழிந்தது என்பது மட்டும்தான் விழுந்தது.

குழந்தையைப் பார்த்துக்கொள்ள என் தங்கை என்னோடு கணவர் வீட்டுக்கு வந்தாள். அப்போது அவளுக்கு இருபது வயது. நான் விடியற்காலையில் ஏரிக்கரையில் நடந்தேன். ஒரு வருடத்தில் மூச்சு வாங்காமல் கரை முழுக்கப் போய்வந்தேன், சமைத்தேன், சிரித்தேன். தங்கை ஊருக்குத் திரும்பாததைப் பாசம் என்று நினைத்துக்கொண்டேன். மடச்சி.

நான்காம் வருடம் வெண்ணந்தூரிலிருந்து ஒரு வாத்தியார் அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போனார். இரண்டு நாள் அவள் முகமே வேறாக இருந்தது. ஜாதகம் சேரவில்லை என்று அப்பா சொல்லியனுப்பிவிட்டார். அது சேர்ந்திருந்தது எனக்குத் தெரியும். கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன்.

"உனக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா மாப்பிள்ளை சும்மா இருப்பாரா? வேத்தாளு வந்தா பையனுக்குச் சோறு போடுவாளா? உந்தங்கச்சின்னா பெத்தவளாட்டம் பாத்துக்குவா. அதுக்குத்தான் சாமி, ஊட்டோட நிறுத்தி வெச்சிருக்கறோம்."

"நாஞ் சாகாட்டி?"

அம்மா அடுத்த கடலைக்காயை உடைத்தாள்.

அக்காள் செத்தால் தங்கையைக் கட்டிவைப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம்தான். நான் படுக்கையில் கிடந்தபோதே இரண்டு வீட்டாரும் பேசி முடித்திருக்கிறார்கள். என் கணவரிடம் கேட்டேன். "பெரியவிங்க பேசுனது. நான் என்ன சொல்றது?" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை.

தங்கைக்கும் தெரிந்திருந்தது. "தெரியுமக்கா. என்னிக்காச்சும் உனக்கு மாத்திரை குடுக்க மறந்திருக்கறனா?" என்று மட்டும் கேட்டாள்.

சண்டை போட்டேன், சாப்பிடாமல் கிடந்தேன். அப்பா வழிக்கு வந்து ஆள் அனுப்புவதற்குள் வாத்தியாருக்கு வேறு இடத்தில் முடிந்துவிட்டது. அதற்குப்பின் இரண்டு வருடம் நல்ல இடம் எதுவும் வரவில்லை. அக்காள் வீட்டிலேயே ஆறு வருடம் இருந்தவள் என்று ஊர் பேசியது. கடைசியில் ஆத்தூர்ப் பக்கம், மனைவியைப் பறிகொடுத்த ஒருவருக்கு இரண்டாந்தாரமாகக் கொடுத்தார்கள். அவருக்கு நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை.

அந்தக் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு தங்கை காரில் ஏறினாள். பிள்ளையை விட்டுச் செத்துப்போனவள் நானில்லை என்று அப்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை இன்றுவரை அவளிடம் சொன்னதில்லை.