வெற்றுக் காணி

காலைத் தேத்தண்ணியை வாயில் வைக்கவில்லை, அதற்குள் போன் கத்துகிறது. எங்கள் குடியிருப்பாளர் சங்கத்தின் வட்ஸ்அப் குழு. சங்கத் தலைவர் சிங்களவர், ஓய்வுபெற்ற வங்கி மனேஜர், ஐயா என்பதற்குப் பதிலாக மாத்தயா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். விடியவே நடக்கப் போய்விட்டு வந்து கையோடு ஓர் அறிவித்தல் போட்டிருக்கிறார். தலைப்பு ‘அப்டேட்’. கடைசியில் எனக்கென்று தனியாக ஒரு வரி: செயலாளர், பத்து மணிக்கு முந்தி இதைத் தமிழில் போட்டுத் தாருங்கள்.

மூன்று மொழியும் எழுதுவேன் என்று ஒரு கூட்டத்தில் வாயை விட்டேன் பாருங்கள், அன்றைக்குப் பிடித்தது சனி. வேலியில் போன ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை என்று என் மனைவி சொல்கிறாள். சொல்லட்டும். அவள் சொன்ன எதுதான் பிழையாகியிருக்கிறது?

அறிவித்தலில் நாலு விஷயம். ஒன்று, கீழ்ப்பாதை மதகு வேலை இன்னும் இரண்டு கிழமை தாமதமாகும். இது எத்தனையாவது ‘இரண்டு கிழமை’ என்று கேட்டுவிடாதீர்கள், எண்ணுவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். இரண்டு, குப்பை லொறி இனி வியாழன் வராது, செவ்வாய்தான் வரும். வியாழன் வருகிறது என்று போன மாதம் எழுதியவனும் நான்தான். அதுவும் வரவில்லை. மூன்று, எரியாத தெருவிளக்குகளின் இலக்கத்தைக் குறித்துத் தரவும். விளக்கு எரியாத இடத்தில் இலக்கத்தை எந்த வெளிச்சத்தில் பார்ப்பது, ஐயா?

இந்த மூன்றையும் பத்து நிமிஷத்தில் எழுதிவிட்டேன். நாலாவது இது: மேல் மூலையில் இருந்த வெற்றுக் காணிக்குத் தார் போட்டு முடிந்துவிட்டது. இனி வாகனங்களைப் பாதையோரம் விடாமல் அங்கே நிறுத்தவும். சின்ன வசனம்தான். அதோடு மல்லுக்கட்டிக்கொண்டு ஒரு மணித்தியாலமாக உட்கார்ந்திருக்கிறேன். ஜன்னல் வழியாகத் தார் நாற்றம் வேறு வருகிறது.

ருவான்வெல்லைக் கடைத்தெருவில் இருந்து பஸ்ஸில் கால் மணித்தியாலம் வந்தால் எங்கள் இடம். இது முழுக்க ரப்பர்த் தோட்டமாக இருந்தது. கீழ் டிவிசனைக் கம்பனி துண்டு துண்டாக, பேர்ச் கணக்கில் விற்றது. கொழும்புப் பக்கம் காணி வாங்க முடியாதவர்கள் வந்து வீடு கட்டினார்கள். வங்கிக் கடனோடு நானும் பத்துப் பேர்ச் வாங்கினேன். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் நான் பிறந்த லயக் காம்பிராவில் இருந்து இந்த வீட்டுக்கு ஐந்து நிமிஷ நடை. ஐம்பது வருஷ வாழ்க்கையில் நான் கடந்து வந்த தூரம் அவ்வளவுதான். அதற்கே எவ்வளவு மூச்சு வாங்குகிறது!

தார் மூக்கில் ஏறினால் எனக்கு ஒட்டுப்பால் ஞாபகம் வரும். பால் வெட்டிய பிறகு மரத்துக் காயத்திலும் சிரட்டையிலும் காய்ந்து ஒட்டிக் கிடக்குமே, அதுதான் ஒட்டுப்பால். இரண்டு நாள் சாக்கில் கிடந்தால் போதும், நாய்கூடத் தள்ளிப் போகும். என் அக்கா பால் வெட்டினாள். அவள் கையிலும் தலைமுடியிலும் அந்த நாற்றம் எந்நேரமும் இருக்கும். வெட்டு முடிந்து ஓடி வந்துதான் என்னைப் பள்ளிக்கூடம் அனுப்புவாள். சட்டைப் பொத்தானை இரண்டு விரல் நுனியால், என்னவோ நெருப்பைத் தொடுகிற மாதிரி பூட்டிவிடுவாள்.

“தள்ளி நில்லுடா. ஒன் சட்டையில நாத்தம் பட்டுச்சுன்னா டீச்சர் மூக்கப் பிடிப்பாங்க.”

எனக்குக் கொப்பி வாங்கித் தந்தது அவள். கேகாலைக்குச் சோதனை எழுதப் போக பஸ்ஸுக்குத் தந்தது அவள். நான் மூன்று மொழி எழுதுவது அவளுடைய கையால்தான். இருபத்தேழு வயதில் மஞ்சள் காமாலை வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் பிந்திவிட்டது. மகள் ரஜனிக்கு அப்போது இரண்டு வயது. அத்தான் ஆறு மாதம் அழுதார், ஏழாவது மாதம் கஹவத்தைப் பக்கம் வேறு கல்யாணம் கட்டிப் போய்விட்டார். ரஜனி எங்கள் வீட்டில்தான் வளர்ந்தாள்.

அக்காவை மேல் மூலைச் சுடுகாட்டில் அடக்கம் செய்தோம். எங்கள் ஆட்கள் புதைப்பதுதான் வழக்கம், ஆனாலும் வாய் சுடுகாடு என்றுதான் சொல்லும். ரப்பர் மரங்களுக்கு நடுவே இருந்த இடம். மூன்றாவது வரிசை, நாலாவது மரம், அதற்குக் கீழே இரண்டு எட்டு. தலைமாட்டுக்கு ஒரு கல், கால்மாட்டுக்கு ஒரு கல், நடுவில் ஒரு குரோட்டன் செடி. தலைமாட்டுக் கல்லை ஆற்றில் இருந்து நான்தான் தோளில் சுமந்து வந்தேன். சீமெந்தால் எதுவும் கட்டக்கூடாது, தோட்டத்துக் காணியில் நிரந்தரமாக எதையும் எழுப்பக்கூடாது என்பது சட்டம். உயிரோடு இருந்தவர்களுக்கே நிரந்தரமாக ஒன்றும் இல்லாதபோது செத்தவர்களுக்கு என்ன! யாருடைய குழியிலும் பெயர் இல்லை. எல்லாம் கல்தான். ஆனால் எந்தக் கல் யாருடையது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

கல் என்றதும் சுண்ணாம்பு ஞாபகம் வருகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கொழும்பில் இருந்து பெரிய தொரை வருகிறார் என்றால் தோட்டம் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. ஒரு கிழமைக்கு முன்னாலேயே கங்காணி கத்தத் தொடங்குவார். லயத்துக்கு வெள்ளையடி, தண்ணிக் கானைத் தோண்டு, புல்லை வெட்டு. பாதையின் இரு பக்கமும் கல் அடுக்கி, கல்லுக்கும் வெள்ளையடி. கூரை ஒழுகும், அதைப் பற்றிப் பேச்சில்லை. தொரை ஜீப்பில் வருவார், வெள்ளைக் கற்களைப் பார்ப்பார், தலையாட்டுவார், போய்விடுவார். நாங்கள் குளித்து, துவைத்த சட்டை போட்டு வரிசையாக நிற்போம். அவர் கேட்டால் பேசலாம். கேட்கமாட்டார். மூன்று தலைமுறையாக எங்களுக்கு ஊறிப்போன பாடம் இதுதான். பெரிய ஆள் வந்தால் இடத்தைச் சுத்தமாக்கு, வாயை மூடிக்கொண்டு நில்.

மூன்று வருஷத்துக்கு முன், மிச்சக் காணியை அளக்க சர்வேயர் வருகிறார் என்று கேள்விப்பட்டோம். சுடுகாட்டைத் தனியாக அளந்து வேலி போட்டுத் தரும்படி நான் ஏற்கெனவே கடிதம் எழுதியிருந்தேன். மூன்று மொழியிலும்! இடம் கௌரவமாக இருந்தால்தானே மதிப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. சிரமதானம் வைத்தேன். ஆமாம், நான்தான் வைத்தேன். லயத்து ஆட்கள் மம்மட்டி, கத்தியோடு திரண்டு வந்தார்கள். புல்லை வெட்டினோம். மழையில் கரைந்து கோணல் மாணலாகக் கிடந்த மண்மேடுகளை, அசிங்கமாக இருக்கிறதே என்று தட்டிச் சமப்படுத்தினோம். காய்ந்துபோன குரோட்டன்களைப் பிடுங்கினோம். அப்புறம் அந்தக் கற்கள். அவற்றைப் பொறுக்கி எடுத்துப் பாதையோரம் அழகாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் வெள்ளையடித்தோம்.

அக்காவோடு பால் வெட்டிய செல்லம்மாக்கா ஒருத்திதான் குறுக்கே வந்து நின்றாள்.

“கல்ல எடுக்காதீங்கடா. ஆளு படுத்திருக்கு.”

“சர்வேயர் வந்துட்டுப் போகட்டும்க்கா, திருப்பி வச்சிறலாம்,” என்றேன்.

“எது யாருதுன்னு எப்படிடா தெரியும்?”

“எனக்குத் தெரியும்க்கா,” என்றேன். படித்தவன் இல்லையா! அவள் விலகி வழிவிட்டாள். போன வருஷம் அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

சர்வேயர் வந்தார். சின்னப் பையன் மாதிரி இருந்தார், தலையில் தொப்பி. நாங்கள் துவைத்த சட்டை போட்டு வரிசையாக நின்றோம். அவருக்கென்று ஒரு தம்பிலி இளநீர் வெட்டி வைத்திருந்தோம். இது எங்கள் ஆட்களைப் புதைக்கும் இடம், தயவுசெய்து தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள் என்று சிங்களத்தில் ஒரு வசனம் முதல்நாளே மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன். அவர் மேலே ஏறி வந்து, சுற்றிப் பார்த்து, “ஹரி லஸ்ஸனய்” என்றார். ரொம்ப அழகாக இருக்கிறது என்கிறார். யார் இப்படி வைத்திருப்பது என்று கேட்டார். “நாங்கதான் மாத்தயா,” என்று பல்லெல்லாம் தெரியச் சொன்னேன். அவ்வளவுதான். எங்கள் இடம் ஒன்றை ஒரு பெரிய ஆள் புகழ்ந்ததை வாழ்நாளிலேயே முதல் தடவையாகக் கேட்கிறேன். உச்சி குளிர்ந்து போயிற்று. மனப்பாடம் பண்ணிய வசனம் தொண்டையிலேயே நின்றுவிட்டது. அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. கடிதம்தான் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். அவர் அளந்தார், தம்பிலி குடித்தார், போனார்.

ஆறு மாதத்தில் வரைபடம் வந்தது. மேல் மூலையில் எழுதியிருந்தது: வெற்றுக் காணி, பொதுப் பாவனைக்கு.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான். காடாகவே விட்டிருந்தால் பாம்புக்குப் பயந்தாவது என்ன இடம் இது என்று கேட்டிருப்பார்கள். ஓடினேன். காணியைக் கையளித்தாயிற்று, எங்களிடம் வராதே என்றது ஓர் அலுவலகம். வரைபடத்தில் மயானமே இல்லை, விற்றவரிடம் கேள் என்றது இன்னொன்று. மூன்றாவது இடத்தில் படம் இருந்தால் கொண்டுவா என்றார்கள். படமா இல்லை? சிரமதானத்தன்று எடுத்த படங்கள் போனில் கொள்ளையாக இருந்தன. மம்மட்டியோடு நாங்கள் சிரித்துக்கொண்டு நிற்கிறோம், பின்னால் பளிச்சென்று வெறும் தரை, வெள்ளைக் கற்கள். பார்த்த அதிகாரி, பூங்கா நன்றாக இருக்கிறதே என்றார். அவரைத் திட்டுவதா, என்னைத் திட்டுவதா? வெளியே வந்து பஸ் நிலையத்தில் நின்றுகொண்டு என்னையே திட்டிக்கொண்டேன்.

ரஜனி குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். நாலு வருஷமாக ஒரே பாட்டு.

“மாமா, இந்தத் தடவ வந்து அம்மாவுக்குக் கல்லற கட்டணும். இப்ப யாரும் கட்டக்கூடாதுன்னு சொல்ல முடியாதுல்ல?”

“சொல்ல முடியாதும்மா,” என்பேன். உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோழை.

போன மாதம் லீவில் வந்தாள். அவிசாவளையில் கறுப்புக் கல் ஒன்றில் தாயின் பெயரைப் பொறித்து எடுத்துக்கொண்டு, திரீவீலரில் வந்து இறங்கினாள். அதே கிழமைதான் மேலே பெக்கோ மெஷின் மண்ணை வழிக்கத் தொடங்கியிருந்தது. ரப்பர் மரங்கள் முந்தியே லொறியேறிப் போய்விட்டன. நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவள் என்னைத் திட்டவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, அந்த வேலையை நடத்துகிற தலைவர் மாத்தயாவின் கேற்றுக்கு நேரே போனாள். குவைத்துக்காரிகளோடு மல்லுக்கட்டிப் பழகியவள், கேட்டால்தான் பேச வேண்டும் என்ற பாடமெல்லாம் அவளுக்கு இல்லை. தெருவே கேட்கிற மாதிரி சிங்களத்தில் கத்தினாள்.

தலைவர் மாத்தயா பதறிப்போய் வெளியே வந்தார். எல்லாவற்றையும் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். “ஐயோ செயலாளர், இத்தனை நாளாக எனக்கு ஏன் சொல்லவில்லை?”

எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. எத்தனை வாசல் ஏறி இறங்கினேன்! கிழமைக்குக் கிழமை இந்த மனுஷனுடைய அப்டேட்டைத் தமிழாக்கிக் கொடுத்தேன். அதில் அந்த வெற்றுக் காணியைப் பற்றியும் எழுதினேன். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. அவரும் கேட்கவில்லையே!

அளவு நாடாவை எடுத்துக்கொண்டு அவரே மேலே வந்தார். ஒப்பந்தம் கொடுத்தாயிற்று, முழு இடத்தையும் நிறுத்த என்னால் முடியாது, ஆனால் காட்டுகிற குழியைச் சுற்றிப் பத்தடிக்குப் பத்தடி விட்டு வேலி போட்டுத் தருகிறேன் என்றார். நல்ல மனுஷன். மெஷினை நிறுத்தச் சொன்னார். லயத்துச் சனமும் சேர்ந்துவிட்டது. காட்டுங்கள் என்றார்.

மூன்றாவது வரிசை. வரிசை எங்கே இருக்கிறது? நாலாவது மரம். மரம் எங்கே இருக்கிறது? எல்லாம் வழித்த சிவப்பு மண். லயத்து ஆட்கள் ஆளையாள் பார்த்தார்கள். தன் ஆளுடைய இடத்தைக் காட்ட ஒருவரும் முன்னுக்கு வரவில்லை.

“எந்த எடம் மாமா?” என்றாள் ரஜனி.

நான் நடந்தேன். பத்துப் பன்னிரண்டு எட்டு. கால் எங்கே நின்றதோ அங்கே நின்று, சந்தேகமே இல்லாத குரலில் “இங்கதாம்மா,” என்றேன்.

தலைவர் மாத்தயா நாடாவின் ஒரு முனையைப் பிடித்தார், மறுமுனையை நான் பிடித்தேன். ரஜனி மண்ணில் உட்கார்ந்து உள்ளங்கையை வைத்தாள். “அம்மா, நான்தாம்மா ரஜனி,” என்றாள். பிறகு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் அவள் நினைத்த காரணத்துக்காக இல்லை.

கறுப்புக் கல்லை அங்கே நட்டோம். வேலி வந்தது. போன வெள்ளிக்கிழமை அவள் பிளேன் ஏறினாள். இந்தக் கிழமை மிச்ச இடம் முழுக்கத் தார். அக்கா வேலிக்குள் இருக்கிறாளா, யாரோ ஒருவருடைய காரின் கீழே இருக்கிறாளா, எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

விமான நிலைய வாசலில் ரஜனி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

“மாமா, நீங்க இல்லாட்டி எனக்கு அந்த எடமே தெரிஞ்சிருக்காது.”

நான் தலையாட்டினேன்.