கோப்பை வென்ற நாளில் அப்பா நின்ற இடம்

எங்கள் கால்பந்து கிளப் இதுவரை ஒரே ஒரு முறைதான் கோப்பை வென்றிருக்கிறது. அந்த ஆட்டத்தை அப்பா பார்க்கவில்லை. மைதானத்தின் தெற்குச் சுவருக்கு வெளியே, டிரான்ஸ்பார்மருக்கும் பூட்டிக் கிடந்த தகரக் கதவுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தார். ஆனாலும் பஸ் டெப்போவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், அந்தக் கோப்பையை வாங்கித் தந்தது அப்பாதான் என்பார்கள். வேடிக்கைக்குச் சொல்வதாக நினைக்க வேண்டாம். நிஜமாகவே அப்படி நம்புகிறார்கள். அப்பாவும் நம்புகிறார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அப்பா டெப்போவில் பிரேக் மெக்கானிக். பஸ்ஸை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றி, டிரம்மைச் சுத்தியலால் தட்டி இழுத்து, உள்ளே தேய்ந்துபோன லைனிங்கை மாற்றுவதுதான் அவர் வேலை. மாலையில் வீட்டுக்கு வரும்போது புருவத்தில்கூடக் கறுப்புத் தூசி ஒட்டியிருக்கும். கிளப்பை ஆரம்பித்ததே டெப்போக்காரர்கள்தான். முதலில் டிரைவர்களும் கண்டக்டர்களும் ஆடினார்கள். பிறகு வெளியிலிருந்து ஆட்டக்காரர்கள் வந்தார்கள். கத்துவதற்கு மட்டும் இன்றைக்கும் டெப்போ ஆட்கள்தான்.

அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் ஒரு டிரைவர். பழைய பஸ்ஸிலிருந்து கழற்றிய ரப்பர் ஹாரனை இடுப்பில் கட்டிக்கொண்டு கேலரியில் நின்று ஊதுவார். அதனால் அவருக்குக் கொம்பு என்று பெயர். சொந்தப் பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும்தான் தெரியும். அப்பாவை விட மூத்தவர். நான் அவரைப் பெரியப்பா என்று கூப்பிடுவேன்.

அப்பா வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு செமி பைனல். எங்கள் பக்கம் இரண்டு கோல் முன்னிலை. ஷிப்ட் முடிந்து ஓடிவந்த அப்பா, கொம்புக்குப் பக்கத்தில் இடித்துப் பிடித்து உட்கார்ந்தார். முகத்து வியர்வையைத் துடைத்து முடிக்கவில்லை, ஒரு கோல் வாங்கினோம். அப்புறம் ஒன்று. கடைசியில் இன்னும் ஒன்று. டெப்போவில் பஸ்களுக்கு வண்ணம் அடிக்கும் பெயிண்டர், "யாருடா இவன்? வந்ததும் வராததுமா கோலைக் கையோட கூட்டிட்டு வந்திருக்கான்!" என்றார். தோற்ற வருத்தத்திலும் எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தாராம்.

அதோடு போயிருக்க வேண்டியது. ஆனால் அடுத்த ஆட்டத்துக்கு அப்பாவுக்கு ஷிப்ட், கிளப் ஜெயித்தது. அதற்கடுத்ததற்குப் போனார், தோற்றது. அதன்பின் அவர் தலை கேலரியில் தெரிந்தாலே ஆட்கள் நெளிய ஆரம்பித்தார்கள். அப்பா உட்கார்ந்திருந்து கிளப் ஜெயித்த ஆட்டங்களும் இருந்தன. அவற்றைப் பற்றிப் பெயிண்டரிடம் ஒருமுறை கேட்டேன். "அதெல்லாம் கணக்குல வராதும்மா" என்றார்.

பைனல் வந்தது. அதற்கு முந்தின நாள், பஸ்ஸுக்கு அடியில் படுத்திருந்த அப்பாவின் காலடியில் கொம்பு வந்து குந்தினார்.

"தம்பி, தப்பா எடுத்துக்காத. நாளைக்கு நீ உள்ள வர வேணாம்."

"சரிண்ணே. வீட்லயே இருந்துடறேன்."

"வீட்ல எதுக்கு? வெளிய சுவரோரமா நில்லு. ஜெயிச்சா உன்கிட்டதான் முதல்ல சொல்லணும்."

அப்பா நின்றார். எங்கள் கிளப் கோப்பையை வென்றது.

அந்தக் கோலைப் பற்றி டெப்போவில் எத்தனை பேர் உண்டோ அத்தனை கதை உண்டு. கார்னரிலிருந்து வந்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது என்பது வரைக்கும் சண்டை இல்லை. அடித்தது இடது காலா வலது காலா என்பதில் இரண்டு பேர் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை. அப்பாவிடம் கேட்டால், "கொம்பு ஊதறது நின்னுச்சு. ஒரு நொடி சத்தமே இல்ல. அப்புறம் சுவர் அதிர்ந்துச்சு, கைய வெச்சுப் பார்த்தேன்" என்று மட்டும் சொல்வார்.

தகரக் கதவை உடைத்துக்கொண்டு வெளியே வந்த கூட்டம் ஆட்டக்காரர்களை விட்டுவிட்டு அப்பாவைத் தோளில் தூக்கியது. அந்தப் புகைப்படம் டெப்போ கேன்டீனில் மாட்டியிருக்கிறது. படத்தில் எல்லோர் வாயும் சிரிப்பில் திறந்திருக்கும். அப்பாவின் வாயும் திறந்திருக்கும். அவர் சிரிக்கவில்லை, "யாரு அடிச்சது? யாரு அடிச்சது?" என்று கீழே இருப்பவர்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து அவருக்கு வெளிவாசல் என்று பெயர். ஒவ்வொரு உள்ளூர் ஆட்டத்துக்கும் அதே இடத்தில் நிற்க வேண்டும். மழை பெய்தாலும் நிற்க வேண்டும். கிளப் தோற்றால் விசாரணை நடக்கும். ஒருமுறை புதிய தகரக் கதவில் ஆணி ஓட்டை ஒன்று இருப்பதைப் பெயிண்டர் கண்டுபிடித்தார்.

"உண்மையைச் சொல்லு. ஓட்டையில கண்ணு வெச்சியா?"

"சத்தியமா இல்லண்ணே."

"வைக்கணும்னு நினைச்சியா?"

அடுத்த நாளே அந்த ஓட்டையைப் பெயிண்டரின் பட்டியை வைத்து அடைத்தார்கள்.

கல்யாணமான பிறகும் இதில் மாற்றமில்லை. "உங்கப்பா தாலி கட்டினது எனக்கு, குடித்தனம் பண்றது அந்தச் சுவரோட" என்பாள் அம்மா. ஆரம்பத்தில் சிரித்துக்கொண்டு சொல்லியிருப்பாள் என்று நினைக்கிறேன். நான் கேட்கும்போது சிரிப்பு இருந்ததில்லை.

கிளப்பின் பெரிய துக்கம் நான் பிறந்த நாளில் நடந்தது. சீசனின் கடைசி ஆட்டம். டிரா செய்தாலே மேல் டிவிஷனில் தங்கிவிடலாம். அப்பா சுவரோரம் நின்றிருந்தார். அம்மாவை ஆபரேஷன் அறைக்குக் கொண்டுபோகிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொன்னார். அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவர் ஆஸ்பத்திரி வாசலை அடையுமுன் எதிரணிக்குப் பெனால்டி கிடைத்தது. எங்கள் கிளப் கீழே இறங்கியது. இன்னும் ஏறவில்லை.

மறுநாள் கொம்பு பழத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். துணியில் சுற்றிக் கிடந்த என்னைப் பார்த்து, "வாம்மா பெனால்டி" என்றார். டெப்போவில் இன்றைக்கும் எனக்கு அதுதான் பெயர். என் பிறந்த நாளில் அப்பாவோடு அங்கே போனால் மிட்டாயை எடுத்துக்கொண்டு பெருமூச்சு விடுவார்கள். இழவு வீட்டில் மிட்டாய் கொடுப்பது போல இருக்கும்.

நான் பள்ளிக்கூடம் முடித்த வருடம் அப்பா நிலைப்படியில் தோளை இடித்துக்கொள்ள ஆரம்பித்தார். பக்கத்தில் வைத்த டீ கிளாஸைத் தட்டிவிட்டார். டெப்போவில் ஒரு டிரம்மின் ஓரத்தில் இருந்த விரிசலைக் கவனிக்காமல் மாட்டிவிட்டார். நல்லவேளை, சூப்பர்வைசர் பார்த்துவிட்டார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கெட்டுப்போகிறது என்றார் டாக்டர். போன பார்வை திரும்பாது, மிச்சமும் போகும், சொட்டு மருந்தால் கொஞ்சம் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான். அப்பாவை ஸ்டோருக்கு மாற்றினார்கள். நட்டும் வாஷரும் விரலால் தடவி எடுத்துக் கொடுக்கும் வேலை.

டாக்டர் அதைச் சொன்ன அன்று நானும் அப்பாவும் பஸ்ஸில் திரும்பினோம். எங்கள் நிறுத்தம் வருவதற்கு முன், "ஒரே ஒரு ஆட்டம் உள்ள உக்காந்து பார்த்துடணும்மா" என்றார். வேறு எதையும் பார்க்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

அது நடக்க எல்லோரும் சம்மதிக்க வேண்டும் என்று அவரே முடிவு செய்துகொண்டார். கேன்டீனுக்குக் கூட்டிப்போகச் சொன்னார். கிளப் அப்போது கடைசி டிவிஷனுக்கு விழும் நிலையில் இருந்தது.

"அண்ணே, இந்த சனிக்கிழமை நான் உள்ள வரட்டுமா?"

டம்ளர்கள் மேஜையில் இறங்கின. பெயிண்டர்தான் முதலில் பேசினார்.

"இந்த சனிக்கிழமையா? வேற நாளே கிடைக்கலையா உனக்கு?"

"எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி," என்றார் கொம்பு. "பசங்க பயப்படுவாங்க. இந்த சீசன் தப்பிக்கட்டும். அடுத்த வருஷம் முதல் ஆட்டத்துக்கு நானே கூட்டிட்டுப் போறேன்."

"அடுத்த வருஷம் அவருக்குக் கண்ணு தெரியாது பெரியப்பா" என்றேன்.

"பெனால்டி, நீ சும்மா இரும்மா. உன்னால ஒரு தடவை இறங்கினது போதும்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். எனக்கு அவர்கள் மேல் வந்ததை விட அவர் மேல்தான் ஆத்திரம் வந்தது.

நான் யாருக்கும் சொல்லாமல் வடக்குக் கேலரிக்கு இரண்டு டிக்கெட் வாங்கினேன். அங்கே டெப்போக்காரர்கள் யாரும் வர மாட்டார்கள். சனிக்கிழமை தொப்பி ஒன்றைப் போட்டுவிட்டு அப்பாவைக் கூட்டிப்போனேன். வரிசையில் நின்றோம். முன்னால் இருந்தவர் உள்ளே போய்விட்டார். டிக்கெட் கிழிப்பவர் கையை நீட்டினார். திறந்த வாசல் வழியாகப் புல் தெரிந்தது. அப்பா கண்ணைச் சுருக்கி அதைப் பார்த்தார்.

"என்ன பச்சை" என்றார்.

பின்னால் நின்றவர்கள் தள்ள ஆரம்பித்தார்கள். "வாங்கப்பா" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

"வேணாம்மா. நான் உள்ள போய், அவங்க தோத்துட்டா, அதுக்கப்புறம் நான் எதைப் பார்த்து என்ன?"

கையை விடுவித்துக்கொண்டு, சுவரைத் தடவியபடியே தெற்குப் பக்கம் நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் நின்று ஆட்டம் முழுவதையும் கேட்டார். டிரா ஆனது. கிளப் தப்பியது. கொம்பு வந்து அவரைக் கட்டிக்கொண்டு அழுதார்.

மழைக்காலம் முடிவதற்குள் மிச்சமிருந்த பார்வையும் போய்விட்டது. வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரிகிறது. ஸ்டோர் வேலையும் நின்றது. சீசன் தொடங்கியபோது யாரும் அப்பாவைக் கூட்டிப்போக வரவில்லை. சுவரோரம் நிற்க அவராலும் முடியவில்லை. கிளப் தோற்றுக்கொண்டே இருந்தது.

ஒரு மாலை கொம்பும் பெயிண்டரும் வீட்டுக்கு வந்தார்கள். கொம்பின் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

"தம்பி, இனிமே நீ உள்ளயே வரலாம்! இவன்தான் யோசிச்சுக் கண்டுபிடிச்சான்."

பெயிண்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "கோளாறு உன்கிட்ட இல்லப்பா, உன் பார்வையிலதான். நீ பார்த்தாதான் தோக்குறோம். இப்பதான் பார்வையே இல்லையே."

அம்மா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். "அண்ணா, பாக்க முடிஞ்சப்ப ஒரு நாள்கூட நீங்க கூப்பிடலையே" என்றாள்.

"அதத்தாம்மா நானும் சொல்றேன்" என்றார் கொம்பு. அவர் வேண்டுமென்று புண்படுத்தவில்லை. கேள்வி அவருக்குப் புரியவே இல்லை.

அப்பா போனார். நானும் கூடப் போனேன். கேலரியின் நடுவில் உட்காரவைத்து, தோளைப் பிடித்து மைதானத்தின் பக்கம் திருப்பிவிட்டார்கள். ஒரு காதில் கொம்பு "இடது பக்கம் போகுது" என்றார். மறு காதில் பெயிண்டர் "எங்க இடது? நடுவுல வருது" என்றார். இடையிடையே காதோரம் ஹாரன் அலறியது. அப்பா இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்து, யாரோ போட்டோ எடுக்கப் போவது போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எங்கள் கிளப் ஜெயித்தது. ஆளுக்கு ஆள் வந்து அவர் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினார்கள். "யாரு அடிச்சது?" என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது, "எப்படிப்பா இருந்துச்சு?" என்றேன்.

"வெளிய நின்னா இதைவிடத் தெளிவா கேக்கும்" என்றார். கொஞ்ச தூரம் போனபின், "இனிமே நான் போகலம்மா. போதும்" என்றார்.

இந்தச் சனிக்கிழமை மத்தியானம் தெருவில் ஹாரன் சத்தம் கேட்டது. நான் வாசலுக்குப் போய்க் கதவில் குறுக்காக நின்றேன்.

"அப்பா வரமாட்டார் பெரியப்பா. இனிமே எப்பவும் வரமாட்டார். அவருக்குப் பிடிக்கல."

"பிடிக்கலைன்னா? போன வாரம்தானே ஜெயிச்சோம்?" கொம்பு உண்மையாகவே குழம்பிப்போனார். தலையைச் சொறிந்தார். "சரிம்மா. உடம்புக்கு முடியலைன்னா இருக்கட்டும். நான் பசங்ககிட்ட என்ன சொல்றதுன்னுதான் தெரியல" என்று படியிறங்கித் தெருவில் நின்றார். ஹாரனை ஊதவில்லை.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து உள்ளே வந்தேன். அப்பா கட்டிலில் உட்கார்ந்து சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தார். விரல்கள் அவற்றை ஓட்டை மாற்றி மாட்டியிருந்தன.

"நான் சொல்லி அனுப்பிட்டேன்பா. நீங்க போக வேணாம்."

"கேட்டேன்."

"அப்புறம் என்ன?"

"நான் போகாம அவங்க தோத்துட்டா?"

நான் எவ்வளவோ சொன்னேன். அப்பா வராமல் ஜெயித்த ஆட்டங்களைச் சொன்னேன், சுவரோரம் நின்றும் தோற்றவற்றைச் சொன்னேன், பதினொரு பேர் காலால் ஆடுவது உங்கள் கண்ணைப் பொறுத்ததில்லை என்று கத்தினேன். பள்ளிக்கூடத்தில் படித்ததையெல்லாம் சொன்னேன். அவர் நான் முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு சட்டையின் முன்பக்கத்தைத் தடவிப் பார்த்து முகத்தை என் பக்கம் தூக்கினார்.

"போன வாரம் போட்டுட்டுப் போனது இதுதானேம்மா?"

நான் பட்டன்களைக் கழற்றி வரிசையாக மாட்டிவிட்டேன்.

"இதுதான்" என்றேன்.