சித்தியின் பால் பாத்திரம்

என் சித்தி சேர்த்து வைத்திருந்த டீத்தூள் கூப்பன்களில் ஒரு பகுதியைத் திருடி, ரப்பர் பந்து வாங்கியவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்லலாம் என்று வைத்தால், கதை சொல்லும் சந்தோஷத்தில் நானே என்னை மன்னித்துவிடுவேன்.

அப்போது ஆவடியில், தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே இடத்தில் வேலை. சித்தப்பாவுக்குக் கல்யாணமாகியும் தனி வீடு ஒதுக்கவில்லை. அதனால் சித்தி எங்களோடுதான் குடித்தனம். எங்கள் சமையலறையில் கரண்டிக் காம்பில்கூட அம்மாவின் பெயர் வெட்டியிருக்கும். சித்தி திருநெல்வேலியிலிருந்து கொண்டுவந்ததோ இரண்டு தட்டும் ஒரு சொம்பும்தான்.

ஒரு நாள் டீத்தூள் பொட்டலத்துக்குள் நட்சத்திரம் போட்ட கூப்பன் வந்தது. நிறைய நட்சத்திரம் சேர்த்தால் எவர்சில்வர் பால் பாத்திரம் இனாம். சித்தி அந்தத் துண்டுக் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்: “எங்களுக்குன்னு வீடு கெடச்சா பால் காய்ச்சணும்லா? அன்னைக்கு எம்பேரு வெட்டுன பாத்திரத்துல காய்ச்சணும்ல.”

எந்தப் பாத்திரத்தில் காய்ச்சினாலும் பால் பால்தானே என்று எனக்குத் தோன்றியது. ஆனால் கூப்பன் சேர்க்கும் வேலை பிடித்திருந்தது.

முதல் வேலையாக, காலங்காலமாய்க் காப்பி குடித்த வீட்டை டீக்கு மாற்றினாள். அப்பா முதல் மடக்கு குடித்துவிட்டு, “வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை?” என்று கேட்டார். பிறகு அக்கம்பக்கத்து வீடுகள். சேலத்துக்காரர், மதுரைக்காரர், தஞ்சாவூர்க்காரர் என்று எல்லா ஊர்க்காரரும் அந்த வரிசைகளில் இருந்தார்கள். கதவைத் தட்டிக் கூப்பன் கேட்பது என் பொறுப்பு. கோயமுத்தூர் மாமி மட்டும், அவருக்காக நான் ரேஷன் கடை வரிசையில் நின்று கொடுத்தால்தான் கூப்பன் தருவார். பையன்கள் எனக்கு ‘டீத்தூள்’ என்று பெயர் வைத்தார்கள். அதில் எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

சித்தி கூப்பன்களை ஓரம் பிசகாமல் வெட்டுவாள். கசங்கியதைப் பாய்க்கு அடியில் வைத்து, மேலே என்னைப் படுக்கச் சொல்வாள். சின்னப் பொட்டலத்தின் சிவப்பு நட்சத்திரம் தனி, பெரிய பொட்டலத்தின் நீல நட்சத்திரம் தனி. கட்டுக்கட்டாக நூல் சுற்றி பிஸ்கட் டின்னில் அடுக்குவாள். அம்மா அதைப் பார்த்து, “பேங்க்காரிக்குக் கணக்கு முடிஞ்சாச்சா?” என்று கேலி செய்வாள். சித்தியும் சிரிப்பாள்.

குவார்ட்டர்ஸுக்குப் பக்கத்தில், சேக்காட்டில் ஒரு மளிகைக் கடை. அங்கே கொஞ்ச நட்சத்திரத்துக்குச் சின்னச் சின்ன சாமான் கொடுத்தார்கள். ஒரு மாலை கடைக்காரர் சிவப்பு ரப்பர் பந்து ஒன்றைத் தரையில் தட்டிக் காட்டினார்.

“இன்னா கண்ணு, அப்படிப் பாக்குறே? ஊட்ல கூப்பன் கீதா?”

இருந்தது. நீலக் கட்டின் நடுவிலிருந்து உருவினேன். அந்த இடத்தில், காலிப் பொட்டலத்தை அதே அளவுக்கு வெட்டிச் செருகி, சித்தி கற்றுக்கொடுத்த அதே முடிச்சைப் போட்டேன். அவளுடைய மாணவர்களில் நான்தான் சிறந்தவன். வேறு மாணவர்களும் இல்லை.

பாத்திரம் தரும் கம்பெனி வேன் கடைத்தெருவுக்கு வந்தது. அதுதான் கடைசி முறை என்றார்கள். சித்தி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு என்னையும் அழைத்துப் போனாள். வேன்காரர் கட்டைப் பிரித்தார்.

“இன்னாம்மா இது? நடுவுல வெறுங் காயிதம் கீது. யாராண்ட வேலை காட்டுறே?”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சித்தி என்னைப் பார்த்தாள். நான் வேனின் சக்கரத்தைப் பார்த்தேன்.

“அவசரத்துல நான்தான் மாத்திக் கட்டிட்டேன்” என்றாள் சித்தி.

மிச்ச நட்சத்திரங்களுக்கு ஒரு டீ வடிகட்டி கிடைத்தது. மறுநாள் காலை வீட்டில் காப்பி மணத்தது. அப்பாவின் முகத்தை நான் அவ்வளவு மலர்ச்சியாகப் பார்த்ததில்லை. பந்து அந்த வாரமே சாக்கடைக்குள் போய்விட்டது.

சில மாதங்களில் சித்தப்பாவுக்கு இரண்டு வரிசை தள்ளி வீடு ஒதுக்கினார்கள். பால் காய்ச்ச அம்மா தன் பாத்திரத்தைக் கொண்டுபோனாள். அடுப்பில் ஏற்றியதும், பெயர் வெட்டிய பக்கத்தைச் சித்தி சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். சூட்டில் எழுத்து கறுத்துவிடும் என்று நினைக்கிறாள் போலும் என்று எண்ணிக்கொண்டேன்.

போன வருஷம், சித்தியின் மகன் வானகரத்தில் ஃபிளாட் வாங்கினான். புதுமனை புகுவதற்கு இரண்டு நாள் முன்னால், எவர்சில்வர் பால் பாத்திரம் ஒன்றில் சித்தியின் பெயரை வெட்டி வாங்கிக்கொண்டு, அவர்கள் அதுவரை குடியிருந்த கோவில்பதாகை வீட்டுக்குப் போனேன். சித்தி எனக்கு டீ வடிகட்டிக்கொண்டிருந்தாள். அதே வடிகட்டி. அதைப் பார்த்ததும், வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு மறந்துபோய், திருடியதை மட்டும் சொன்னேன்.

“செவப்புப் பந்துதானல? ஒன் டவுசரத் தொவைக்கைல பையில கெடந்துச்சே.”

“அன்னைக்கே ஏன் சித்தி சொல்லல?”

“சொன்னா ஒங்கம்மா ஒன் தோல உரிச்சிருப்பா. நாளைக்கே சோப்புத்தூளுக்கு கூப்பன் போட்டான்னா, வீடு வீடாப் போக எனக்கு ஆள் வேண்டாமா?”

தன் பெயரை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள். எனக்குப் பாரம் இறங்கியது போலிருந்தது. அவள் நிமிர்ந்து கேட்டாள்:

“அந்தப் புது வீட்டு அடுப்பு யாருதுல?”

“உங்க மருமகளோடது.”

“அப்ப அவ பேரு எங்க?”

மறுபடியும் கடைக்குப் போனேன். வெட்டிய பெயரை அழிக்க முடியாது என்றார்கள். இன்னொரு பாத்திரம் வாங்கி மருமகளின் பெயரை வெட்டச் சொன்னேன். முதல் பாத்திரத்தைச் சித்தி தன் டீக்கு வைத்துக்கொண்டாள்.

புதுமனை புகுந்த காலையில் மருமகள் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த சித்தி, “பேரு எல்லாருக்கும் தெரியுத மாதிரி திருப்பி வைம்மா” என்றாள். அவள் திருப்பி வைத்தாள். பால் பொங்கி அந்த எழுத்துகளின் மேல் வழிந்தது. அன்று அம்மாவின் பெயர் ஏன் சுவரைப் பார்த்து நின்றது என்று, எழுபதை நெருங்கும் எனக்கு அப்போதுதான் விளங்கியது.