இடம் மாறிய அம்புகள்

ஒரே தலத்தில் நான்கு திருக்கோலங்களில் எழுந்தருளியிருக்கும் திருநீர்மலைப் பெருமானே, நான் எழுதப்போகும் சொற்களால் என் தம்பிக்கு இழுக்கு நேராமல் காத்தருள வேண்டும். இன்று ஆவணித் திருவோணம். அவன் பிறந்த நட்சத்திரமும் இதுவே. ஆதலால் இன்று எழுதத் துணிந்தேன்.

எங்கள் தந்தையார் பயிரிட்ட நிலத்தில் எஞ்சியது பள்ளிக்கரணையில் ஒரு மனை. நடுச்சுவர் ஒன்றைப் பொதுவாக வைத்து அதில் இரண்டு வீடுகள் எழுப்பி, அண்ணனும் தம்பியும் அருகருகே முதுமையைக் கழிப்பதென்று தீர்மானித்திருந்தோம். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் பல்லாவரத்தில் அவன் வேலை பார்த்த தோல் தொழிற்சாலை மூடப்பட்டது. தாம்பரத்தில் ஒரு பங்குத் தரகரின் அலுவலகத்துக்குப் போய்வரத் தொடங்கினான். காலையில் வாங்கியதை அன்று மாலைக்குள் விற்றுத் தீர்க்கும் பேரம் அவனை ஈர்த்தது.

அங்கேதான் அம்பு விற்பவர் வந்து சேர்ந்தார். அவர் விற்ற கணினி நிரலில் விலைகளை ஏற்றினால் திரையில் பச்சை அம்போ சிவப்பு அம்போ தோன்றும். பச்சைக்கு வாங்க வேண்டும். சிவப்புக்கு விற்க வேண்டும். கல்யாண மண்டபத்தில் அவர் நடத்திய கூட்டத்துக்குத் தம்பி என்னையும் அழைத்துச் சென்றான். நெற்றியில் திருமண் துலங்க, பெருமாளைத் துதித்தே பேச்சைத் தொடங்கினார். அவர் காட்டிய பழைய வரைபடங்களில் ஓர் அம்பும் பொய்த்ததில்லை. தாமே இந்த அம்புகளை நம்பி வாங்கி விற்றதற்குத் தரகர் தந்த சீட்டு ஒன்றைக் காட்ட இயலுமா என்று பணிவுடன் கேட்டேன். பாடம் நடத்தவே தமக்கு நேரம் போதவில்லை என்றார். தம் மருந்தைத் தாமே உண்ணாத வைத்தியர் என்று எனக்குப் பட்டது.

தம்பி ஆத்திரப்படவில்லை. தை பிறக்கும் வரை பணம் போடாமல் காகிதத்திலேயே சோதிப்பதாகவும், சோதனை தேறினால் மட்டுமே மனையில் தன் பாதியை விற்று முதலாக்குவதாகவும் சொன்னான். நானும் இசைந்தேன்.

இரயில்வே வரைபடப் பிரிவில் பணியாற்றியவன் நான். ஒருநாள் அவனுடைய திரையில் நண்பகலில் தெரிந்த அம்புகளை மெல்லிய தாளில் பிரதி எடுத்து, மாலையில் அதே திரைமேல் வைத்துப் பார்த்தேன். பொய்த்துப்போன பச்சை அம்பு மறைந்திருந்தது. விலை இறங்கித் திரும்பிய இடத்தில் புதிதாய் ஓர் அம்பு நின்றது. விற்றவரைத் தம்பி தொலைபேசியில் கேட்டான். அம்பு தன்னைத் தானே திருத்திக்கொள்ளும், அதுவே அதன் சிறப்பு என்று விடை வந்தது.

"பெருமாளே நாலு கோலம் மாத்திக்கிறாரு. அம்பு கொஞ்சம் நகந்தா இன்னாண்ணா?" என்று சிரித்தான் தம்பி. நானும் சிரித்துவிட்டேன்.

தை பிறந்தது. அவன் கொண்டுவந்த தாள்களில் வெற்றிகள் மட்டுமே இருந்தன.

"தோத்ததெல்லாம் எங்கடா?"

"அதெல்லாம் ராகு காலத்துல வந்த அம்புண்ணா. சிலது அஷ்டமி. கணக்குல சேராது. ராகு காலம் பாக்காம நம்ம வூட்ல எது நடந்திருக்கு, நீயே சொல்லு."

எங்கள் குடும்பத்தில் ராகு காலத்தில் ஒரு செங்கல்லும் எடுத்து வைத்ததில்லை. அந்த நியமத்தை அவனுக்குச் சொல்லி வளர்த்தவனும் நானே. அதைப் பொய்யென்று நான் எப்படிச் சொல்வேன்? தாள்களை மறுபடி புரட்டினேன். ஒரு வெள்ளிக்கிழமை, முற்பகல் பதினோரு மணிக்கு வந்த அம்பு ஒன்று வெற்றிகளின் வரிசையில் இருந்தது. வெள்ளியன்று அது நடு ராகு காலம்.

"ஜெயிச்ச அம்புக்கு மட்டும் ராகு காலம் கிடையாதா?" என்று கேட்டேன்.

அவன் தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டு, "நான் நல்லா வர்றது உனக்குப் புடிக்கலண்ணா" என்றான். குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அது இல்லை.

தன் பாதியை அந்த மாதமே விற்றான். பேரத்தில் எல்லாம் போனது. என்னிடம் ஒரு சொல்லும் சொல்லாமல் மனைவியின் ஊராகிய மதுராந்தகத்துக்குக் குடிபெயர்ந்தான். தேடிப் போனேன். வாசலுக்கு வந்த அவன் மனைவி நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வெளியூர் போயிருக்காருன்னு சொல்லச் சொன்னாரு மாமா."

பொய் சொல்ல வராத பெண். உள்ளே அவன் இருமுவது கேட்டது. கொண்டுபோன பழங்களை அவள் கையில் கொடுத்துவிட்டுப் பேருந்து நிலையத்துக்கு நடந்தேன். அதற்குப் பின் அவன் முகத்தை நான் பார்த்தது, அவன் உடலைத் தெற்கே தலைவைத்துக் கிடத்தியிருந்த அன்றுதான். ராகு காலத்தைப் பற்றி நான் கேட்ட கேள்வி நியாயமானது என்று இன்றும் அறிவேன். அதனால் என் தம்பி திரும்பி வரப்போவதில்லை.

இதை வாசிக்கும் அனைவருக்கும் உடன்பிறந்தார் நெடுங்காலம் வாழ்க. அவர்கள் வீட்டுக் கதவு உங்களுக்கு என்றும் திறந்திருக்கத் திருநீர்மலையான் அருள்க.