இசக்கி ஒட்டிய ஸ்டிக்கர்

இசக்கிமுத்து போய்விட்டான். மதியம் கேன்டீனில் தட்டை எடுத்துக்கொண்டு உட்காரும்போது அவன் தம்பி போன் செய்தான். மஞ்சள் காமாலையாம்... கவனிக்காமல் விட்டுவிட்டானாம்.

"அண்ணன் போன்ல ஒங்க நம்பர் இருந்துச்சு சார், அதான் கூப்பிட்டேன்" என்றான். "சரிப்பா" என்று மட்டும் சொன்னேன். மூன்று வருஷமாக நானும் இசக்கியும் பேசுவதில்லை என்பது அந்தப் பையனுக்குத் தெரியாது.

நம் ஆன்லைன் எலக்ட்ரானிக்ஸ் குரூப்பின் பழைய ஆட்களுக்கு அவனைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

நான் ஓரகடத்தில் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன். அவன் பக்கத்து கம்பெனியில், மீட்டர்களைச் சரிபார்க்கும் கேலிபரேஷன் ரூமில் டெக்னீஷியன். திசையன்விளைப் பக்கத்துக்காரன், படப்பையில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தான். ஷேர் ஆட்டோவில் ஆரம்பித்த பழக்கம்.

நம் கையிலிருக்கும் மல்டிமீட்டர் காட்டுவது சரியா தப்பா என்று எப்படித் தெரியும்? அதற்கு, அசையாமல் பத்து வோல்ட் கொடுக்கிற ஒரு சின்னப் பெட்டி வேண்டும். வோல்டேஜ் ரெஃபரன்ஸ்... அதைத்தான் நாங்கள் இரண்டு பேரும் செய்தோம்.

அதற்கான சிப்பைத் தேடி ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்ரீபெரும்புதூர் ஸ்கிராப் யார்டுக்குப் போவோம். உடைத்துப் போட்ட டெஸ்டிங் மெஷின்களின் போர்டுகளை வெயிலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டுவோம்.

"புதுசு வாங்கிக்கலாமே, இன்னாத்துக்கு இந்தக் குப்பை?" என்று முதல் நாள் கேட்டேன்.

"பழசுதாம்லே நல்லது. வருசக்கணக்கா ஓடி ஓடி அடங்கியிருக்கும். புதுசு ஆடிக்கிட்டே கெடக்கும்" என்றான். சிப்பை உள்ளங்கையில் வைத்து, அதன் முதுகில் இருக்கும் பொடி எழுத்தைப் படித்து, "தொண்ணூத்தஞ்சுல செஞ்சது மக்கா" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கும். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

போர்டு சால்டர் செய்து, அலுமினியப் பெட்டியில் அடைத்து, இரண்டு மாதம் கரண்டிலேயே போட்டு வைப்பது என் வேலை. பிறகு இசக்கி அதை கேட் பாஸ் போட்டு உள்ளே கொண்டுபோவான். கம்பெனியின் பெரிய மீட்டரில் வைத்து, பத்து வரும்வரை பெட்டியின் ஸ்க்ரூவைத் திருகி, அளந்து, ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிக் கொண்டுவருவான். 10.0003. 9.9998. அச்சடித்த மாதிரி கையெழுத்து.

குரூப்பில் முப்பது பேருக்கு மேல் வாங்கினார்கள். என் பேரை நம்பி. நான் அவன் கையெழுத்தை நம்பி.

ஒரு நாள் புதுப்பெட்டி ஒன்றை என் மீட்டரில் வைத்தேன். 9.98 காட்டியது. ஸ்டிக்கரில் 10.0003.

நான் என்ன செய்தேன் தெரியுமா? என் மீட்டர்தான் தப்பு என்று, அதைத் திறந்து, பத்து வரும்வரை திருகி வைத்தேன்...

அடுத்த மாதம் சேலம் பாலிடெக்னிக் லெக்சரர் ஒருவர் எழுதினார். எங்கள் பெட்டியை வைத்துத்தான் தன் லேபின் மீட்டர்கள் எல்லாவற்றையும் சரிசெய்திருக்கிறார். ஏதோ சந்தேகம் வந்து பெட்டியை வெளியே லேபில் கொடுத்துப் பார்த்தால் 9.982. "உங்களை நம்பித்தான் சார் அத்தனை மீட்டரையும் திருகினேன்" என்று எழுதியிருந்தார். திட்டக்கூட இல்லை.

அந்த வெளி லேபில்தான் தப்பு நடந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு, ஷிஃப்ட் விடுகிற நேரத்தில் இசக்கியின் கம்பெனி கேட்டுக்குப் போய் நின்றேன். முதலில் வெளியே வந்தவரிடம், கேலிபரேஷன் ரூம் இசக்கி கிளம்பிவிட்டானா என்று கேட்டேன்.

"கேல் ரூமா? அவன் அங்க இல்லியேபா. லைனுக்கு மாத்தி ஒரு வருஷத்துக்கு மேல ஆவுது. பேக்கிங்ல கீறான்."

கொஞ்ச நேரத்தில் அவன் வந்தான். பேக்கிங் ஆட்கள் போடும் மஞ்சள் தொப்பி. என்னைப் பார்த்ததும் அதைக் கழற்றி பாக்கெட்டில் திணித்தான். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

எதிர் டீக்கடையில் நின்றோம். டீ சொல்லவில்லை.

"ஸ்டிக்கர்ல இன்னா பாத்து எழுதுன?"

"ஒண்ணும் பாக்கல மக்கா."

"பாக்காம எப்டிடா கடைசி நம்பர் வரைக்கும் எழுதுன?"

"வெறும் பத்துன்னு எழுதுனா நம்ப மாட்டீயள்லா."

அப்படியே சொன்னான். தலையைக் குனிந்துகொண்டு, ஆனால் அப்படியே சொன்னான்.

பிறகு கண் கலங்கினான். "அந்த ரூம விட்டுத் தூக்கிட்டானுவன்னு ஒங்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு. பொட்டி இல்லன்னா நீ எதுக்கு ஞாயித்துக்கெழம என்னயத் தேடி வரப்போற?"

எனக்குக் கோபம்தான் இருந்தது. "குரூப்ல நீயே எழுது. நீதான் எழுதணும்" என்றேன். "எழுதுதேன், நாளைக்கு எழுதுதேன்" என்றான்.

எழுதவில்லை. மறுநாள் குரூப்பிலிருந்து வெளியே போய்விட்டான். போன் சுவிட்ச் ஆஃப். படப்பை ரூமுக்குப் போனால், காலி செய்துவிட்டதாக ஹவுஸ் ஓனர் சொன்னார்.

நானே எழுதினேன். எல்லாப் பெட்டியையும் திருப்பிக் கேட்டு வாங்கினேன். எந்தப் பெட்டி வரை அவன் நிஜமாகவே அளந்தான், எதிலிருந்து பொய் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எல்லாம் ஒரே கையெழுத்து.

இசக்கி என்று ஒருத்தனே கிடையாது, நானே கட்டிவிட்ட கதை என்று கூட குரூப்பில் சிலர் பேசினார்கள். அவன் அதைப் படித்திருப்பான். வேறு பேரில் வந்து படிக்கிற ஆள்தான் அவன்.

போன ஆடிக் கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகன் கோவிலில் அவனைப் பார்த்தேன். மறைமலை நகரில் ஏதோ வேலை என்று கேள்விப்பட்டிருந்தேன். மனைவியோடு வரிசையில் நின்றான், தோளில் குழந்தை. மெலிந்திருந்தான்.

என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினான். நான் செருப்பு விடுகிற பக்கமாகத் திரும்பிக்கொண்டேன்.

ஊரில் நாளைக் காலையில் எடுக்கிறார்களாம். இப்போது பஸ் ஏறினாலும் போய்ச் சேர்ந்துவிடலாம்... நான் போகவில்லை.

உன் மேல் கோபம் அப்படியேதான் இருக்கிறது, இசக்கி.

போய் வா.